புதன் மதியம் டிராயிங் கூடாது

ஒரு பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு முழங்கால் வலி, யார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நின்றுகொண்டே தூங்குவார் என்பதெல்லாம் பிரின்சிபாலுக்குத் தெரியாது. டைம்டேபிள் போடுகிறவருக்குத் தெரியும். நம்முடைய ஆள் பத்தொன்பது வருஷமாக டைம்டேபிள் போட்டவர், கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வகுப்பு, நாற்பத்தொரு ஆசிரியர், ஒரு நாளைக்கு எட்டு பீரியட். இத்தனையையும் ஒன்றோடு ஒன்று முட்டாமல் கட்டத்துக்குள் அடைக்க வேண்டும். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் கட்டம் சார். ஆசிரியர் அறையிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியல் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பேரை யாரும் எழுதியதில்லை.

ஆரம்பத்தில் பெரிய சார்ட் அட்டையில் பென்சிலால்தான் போட்டார். பள்ளி திறப்பதற்கு முந்தின இரண்டு வாரமும் அந்த அட்டை வீட்டுக் கூடத்தில் விரிந்து கிடக்கும். யாரும் அதைத் தாண்டக் கூடாது, ஃபேன் போடக் கூடாது, கதவைப் படாரென்று சாத்தக் கூடாது. "இது வீடா, பரீட்சை ஹாலா?" என்று மனைவி கேட்பாள். ஒரு பீரியடை நகர்த்தினால் பதினொன்று நகரும். விடிய விடிய நகர்த்திப் பார்த்தால், ஒரே வகுப்பில் இரண்டு வாத்தியார் நிற்பார்கள், பக்கத்து வகுப்பில் ஈ ஓட்டக்கூட ஆள் இருக்காது. நாற்பது வயதில் இந்தத் தலைவலிக்கு ஒரு முடிவு கட்டுவதென்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. முகம் தெரியாத யாரோ எழுதி, இலவசமாக இணையத்தில் வைத்திருந்த புரோகிராம்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே படித்தார். மூன்று வருஷம் ஆயிற்று. மூன்றாவது வருஷம் பொத்தானைத் தட்டினார், நாலு நிமிஷத்தில் முழு டைம்டேபிளும் வந்து விழுந்தது. அன்றைக்கு மனைவியைக் கூப்பிட்டு ஃபேனைப் போடச் சொன்னார்.

அந்தப் புரோகிராமின் உயிர் அதிலிருந்த நாற்பத்து மூன்று விதிகளில் இருந்தது. விளையாட்டு பீரியடுக்கு அடுத்துக் கணக்கு வைக்காதே, பிள்ளைகள் வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்து பின்னக் கணக்குப் போடாது. ஒரே வாத்தியாரை அடுத்தடுத்து மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஓட விடாதே. இப்படி ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு ஆள், ஒரு சண்டை, ஒரு அழுகை. ஆனால் வெளியே பார்த்தால் எல்லாம் பொது விதி மாதிரிதான் இருக்கும்.

முப்பத்தெட்டாவது விதி, 'புதன்கிழமை மதியத்துக்கு மேல் டிராயிங் கூடாது.'

அந்தப் பள்ளியில் டிராயிங் டீச்சர் ஒரே ஒருவர்தான். அவருடைய கணவர் பஸ் ஓட்டினவர், இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள், புதனும் சனியும், மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த இரண்டு மணி இடம் கிடைக்க எட்டு மாதம் காத்திருந்தார்கள். விட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். மனுஷன் போகும்போது நடந்து போவார், திரும்பி வரும்போது தலை சுற்றும், ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை பள்ளி இல்லை. புதன்தான் பிரச்சினை. மதியம் கிளாஸ் இல்லாதவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போகலாம் என்பது அந்தப் பள்ளியில் இருந்த ஒரே நல்ல வழக்கம். கட்டம் சார் யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சலுகை என்று எழுதினால் நிர்வாகம் நூறு கேள்வி கேட்கும். விதி என்று எழுதினால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எழுதிவிட்டார். டிராயிங் டீச்சர் அந்த வருஷ டைம்டேபிளைப் பார்த்தார், கட்டம் சாரைப் பார்த்தார், தன் பாட்டுக்குப் போனார். நாலு வருஷம் அப்படியே ஓடியது.

இதற்கு நடுவில் கட்டம் சார் இன்னொரு காரியம் செய்தார். ஊரார் இலவசமாக வைத்ததைப் பார்த்துத்தானே நாம் படித்தோம், நம்முடையதையும் வைப்போம் என்று தன் புரோகிராமை அப்படியே இணையத்தில் எல்லாரும் எடுத்துக்கொள்கிற இடத்தில் ஏற்றிவிட்டார். மேலே மூன்று வரி. முதல் வரியில் அவர் பேர். இரண்டாவது வரியில் வருஷம். மூன்றாவது வரி: 'எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள், விற்றுக்கூடப் பிழைத்துக்கொள்ளுங்கள், இந்த மூன்று வரியை மட்டும் அழிக்காதீர்கள்.' அவசரத்தில் முப்பத்தெட்டாவது விதியை எடுக்க மறந்துவிட்டார். தன் வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போகிற மாதிரி ஒரு மறதி. எங்கெங்கோ உள்ள சின்னப் பள்ளிகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் நன்றி எழுதினார்கள். அவருடைய சொந்தப் பேரைப் போட்டு, 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்து எழுதினார்கள். அந்தக் கடிதங்களை அவர் அச்செடுத்து, பீரோவில் பத்திரங்களோடு வைத்திருந்தார். மனைவி பார்த்துச் சிரித்தாள், ஆனால் எடுத்துப் போடவில்லை.

பிறகு ஒரு நாள் நிர்வாகம் சாஃப்ட்வேர் வாங்கியது. டைம்டேபிள், வருகை, மார்க்கு எல்லாம் ஒரே இடத்தில். முந்நூறு பள்ளிகளில் ஓடுகிறதாம். ஐந்து வருஷ ஒப்பந்தம். எல்லா ஆசிரியர்களும் பயிற்சிக்கு வர வேண்டும் என்று சுற்றறிக்கை. கட்டம் சாருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான், இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நல்ல கணீரென்ற குரல். திரையில் வண்ண வண்ணக் கட்டங்கள். "இப்போ ஒரு சாம்பிள் போட்டுப் பார்ப்போம். டிராயிங் எடுத்து, சும்மா புதன்கிழமை ஏழாவது பீரியட்ல வைக்கிறேன்" என்று வைத்தாள். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. 'விதி 38: புதன்கிழமை மதியத்துக்கு மேல் டிராயிங் கூடாது.'

கடைசி வரிசையில் டிராயிங் டீச்சர் இருமினார்.

"இது ஏம்மா அப்படி?" என்று கட்டம் சார் கேட்டார்.

"நல்ல கேள்வி சார். இது சர்வதேச ஆராய்ச்சி. வாரத்தோட நடுவுல, மதியத்துக்கு மேல, குழந்தைங்களோட கற்பனைத் திறன் ரொம்பக் குறைஞ்சிடுமாம். அதனால எங்க சாஃப்ட்வேரே அதைப் பார்த்துக்கும்."

"யாரு செஞ்ச ஆராய்ச்சி?"

"எங்க டெக்னிக்கல் டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்."

முந்நூறு பள்ளிக்கூடங்களில் ஒரு குழந்தைகூடப் புதன் மதியம் படம் வரையவில்லை. ஒரு பஸ் டிரைவரின் கிட்னிக்காக. காரணம் கேட்டால் கற்பனைத் திறனாம். கட்டம் சாருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. குனிந்து நோட்டில் எழுதுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒவ்வொரு திரையாகப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு அடங்கியது. விதி ஏழு அவருடைய விதி ஏழு. விதி இருபத்தொன்று அவருடைய விதி இருபத்தொன்று. கடைசியில், 'இந்தச் சாஃப்ட்வேர் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். கம்பெனி பேர், கம்பெனி முத்திரை, 'முழுவதும் எங்கள் வல்லுநர்களால் உருவாக்கப்பட்டது.' அவ்வளவுதான். மூன்று வரி இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அந்தப் பெண் சாஃப்ட்வேரை எப்படித் திறப்பது என்று அவருக்கே இன்னொரு தடவை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். "வயசானவங்களுக்கு முதல்ல கொஞ்சம் கஷ்டமா இருக்கும் சார், போகப் போகப் பழகிடும்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்த வார்த்தை அவருக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மனைவி தண்ணீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறாள். இருபத்தாறு வருஷமாக ஊர்க்காரர்களின் திட்டை வாங்கி, அதற்கு ஒரு எண் கொடுத்து, கோப்பில் போடுகிறவள்.

"லெட்டர் எழுதுங்க. ஆனா பூராத்தையும் முதல் லெட்டர்லயே கொட்டிடாதீங்க" என்றாள். "'என் புரோகிராம் உங்க சாஃப்ட்வேர்ல இருக்கு, பதில் சொல்லுங்க'ன்னு மட்டும் கேளுங்க. எங்க இருக்கு, எப்படித் தெரியும்னு சொல்லாதீங்க. எங்க ஆபீஸ்ல பாக்கறேனே. குழாய் உடைஞ்ச இடத்தைத் துல்லியமா சொல்றவனுக்கு, அந்த இடத்துல மட்டும் ரெண்டு கூடை மண்ணைப் போட்டு மூடிட்டு, 'புகார் தீர்க்கப்பட்டது'ன்னு எழுதிடுவாங்க."

"வழிமுறை காட்டாம வெறும் விடையை எழுதினா நானே அரை மார்க்குதான் போடுவேன்" என்றார் கட்டம் சார்.

"அது பரீட்சைங்க. அங்க திருத்தறவர் நீங்க. இங்க திருத்தறவனே காப்பி அடிச்சவன்."

கேட்டாரா? கேட்கவில்லை. முப்பது வருஷம் கரும்பலகையில் ஸ்டெப் ஸ்டெப்பாக எழுதின கை சும்மா இருக்குமா. ஆறு பக்கம் எழுதினார். மற்ற விதிகள் எந்தப் பள்ளிக்காரனும் யோசித்து எழுதக்கூடியவை, ஆகவே அவை சான்று ஆகா, முப்பத்தெட்டாவது விதி உலகத்தில் வேறு எந்த மூளையிலும் தோன்ற முடியாது, ஏனென்றால் அது இன்ன காரணத்துக்காக, இன்ன ஆசிரியையின் கணவருக்காக, இன்ன கிழமையில் என்னால் எழுதப்பட்டது, ஆகவே நிரூபிக்கப்பட்டது. கடைசி வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு வேறு போட்டார். 'பணம் எதுவும் வேண்டாம், அந்த மூன்று வரியைத் திரும்ப வைத்தால் போதும்' என்று முடித்தார். அதே நாளில், தன் புரோகிராம் இருந்த இடத்திலும் ஒரு அறிவிப்பு வைத்தார்: இன்ன கம்பெனி என் பேரை அழித்துவிட்டு என் வேலையை விற்கிறது.

ஒரு மாதம் பதில் இல்லை. மனைவியின் தம்பி வக்கீல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னார். அவன் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "அத்தான், நீங்களே எடுத்துக்கோன்னு போட்டிருக்கீங்க. அவன் எடுத்தான். இதுல கேஸ் எங்க இருக்கு?"

"எடுத்ததைச் சொல்லலை மாப்பிள்ளை. பேரை அழிச்சதைச் சொல்றேன்."

"ஓசியில குடுத்ததுக்குப் பேரு ஒரு கேடான்னு ஜட்ஜ் கேப்பாரு."

"ஊருக்குக் கிணறு வெட்டினவன் கல்லுல பேரைப் பொறிச்சிருக்கான். தண்ணி யாரு வேணா இறைச்சுக்கட்டும். கல்லைச் சுரண்டிட்டுத் தன் பேரை எழுதிக்கிட்டு, குடத்துக்கு இவ்வளவுன்னு வாங்கறானே, அவனை என்ன சொல்றது?"

"கெட்டிக்காரன்னு சொல்லணும்" என்று மாப்பிள்ளை சிரித்தான். நல்ல பையன்தான், வேடிக்கைக்குச் சொன்னான். கட்டம் சார் எழுந்து உள்ளே போய்விட்டார். அவருக்கு இதுதான் ஆற்றாமை. திருடினார்கள் என்றால் ஊர் நம்பும். இலவசமாகக் கொடுத்ததைத் திருடினார்கள் என்றால் ஊர் இவரை ஒரு மாதிரி பார்க்கிறது.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. காலையில் சாஃப்ட்வேர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மதியம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. 'தங்கள் கடிதத்தைக் கவனமாக ஆராய்ந்தோம். தாங்கள் குறிப்பிடும் விதி எதுவும் எங்கள் மென்பொருளில் இல்லை.' உண்மைதான். அன்று காலையிலிருந்து இல்லை. சாஃப்ட்வேர் ஓடுவது கம்பெனியின் கம்ப்யூட்டரில், பழையதைப் பார்க்க வழியில்லை.

"திரையைப் போட்டோ எடுத்து வச்சீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

எடுக்கவில்லை. விடைதான் கண் முன்னால் இருக்கிறதே, போட்டோ எதற்கு என்று நினைத்துவிட்டார். மனைவி 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை புது டைம்டேபிள் ஒட்டினார்கள். சாஃப்ட்வேருக்கு இப்போது புதன் மதியம் காலியாகத் தெரிந்தது. காலி இடத்தைக் கண்டால் அடைப்பதுதானே அதன் வேலை. டிராயிங் டீச்சருக்குப் புதன் ஆறாவது பீரியட், ஏழாவது பீரியட். அவர் பலகையின் முன்னால் நெடுநேரம் நின்றார். பேர் கேட்கப் போய் இன்னொருத்தர் கழுத்தில் கத்தியை வைத்தாயிற்று. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இது அதைவிட மோசம், அடுத்தவர் செலவில் வைத்தது.

முன்பென்றால் கையால் மாற்றிவிடலாம். இப்போது ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் விரல் வைக்கிற கருவி. அந்த பீரியடுக்கு உரியவர் விரல் வைக்காவிட்டால் 'வகுப்பு நடைபெறவில்லை' என்று நிர்வாகத்துக்குப் போகும். மாற்று ஏற்பாடு ஒரு ஆசிரியருக்கு ஒரு பருவத்தில் மூன்று தடவைதான். மூன்று புதன் கட்டம் சாரே அந்த இரண்டு பீரியடையும் எடுத்தார். அவருக்கு வட்டம் வரையத்தான் தெரியும், பிள்ளைகள் மூன்று வாரம் வட்டமாக வரைந்து தள்ளினார்கள். அதற்குள் ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தார்.

பிரின்சிபால் மேடத்திடம் போனார். அவர் மேஜை மேல் ஆறு பக்கக் கடிதத்தின் நகல் இருந்தது. கம்பெனி அதை 'உங்கள் ஆசிரியர் ஒருவரிடமிருந்து வந்தது, உங்கள் தகவலுக்காக' என்று நிர்வாகத்துக்கு அனுப்பியிருந்தது.

"நாலு வருஷமா ஒரு டீச்சருக்கு மட்டும் தனி ஏற்பாடு. எனக்கே தெரியாம. அதையும் நீங்களே கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றார் மேடம்.

"அவங்க வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும் மேடம்."

"தெரியும் சார். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? ஒருத்தருக்குச் செஞ்சா நாப்பது பேரு வந்து நிப்பாங்க. சாஃப்ட்வேர் போட்டுச்சுன்னா யாரும் கேக்க மாட்டாங்க, நான் போட்டா எல்லாரும் கேப்பாங்க. முடிஞ்சா கம்பெனிகிட்டயே பேசிப் பாருங்க."

நாலாவது புதன் டிராயிங் டீச்சர் வகுப்பில் விரல் வைத்தார். கணவர் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். பள்ளி விட்டு டீச்சர் போய்ச் சேரும் முன்பே திரும்பிக் கிளம்பிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கினவர், நிறுத்தத்திலேயே தலை சுற்றி விழுந்தார். புருவத்துக்கு மேல் ஐந்து தையல். இருபது வருஷம் பஸ் ஓட்டின மனுஷனைப் பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் கட்டம் சார் டிராயிங் அறைக்குப் போனார். டீச்சர் தொட்டியில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் நீலமும் பழுப்புமாக ஓடியது. கட்டம் சார் ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் சொன்னார். கடிதம் எழுதினது, அதில் அவர் வீட்டு விஷயத்தை எழுதினது, அதைப் பார்த்துத்தான் அவர்கள் விதியை எடுத்தார்கள் என்பது, எல்லாம். டீச்சர் கடைசி பிரஷ்ஷை உதறி வைத்தார்.

"நீங்க பேரு கேட்டது தப்பில்ல சார்" என்றார். "உழைச்சவங்க கேக்கத்தான் செய்வாங்க. நாலு வருஷம் எனக்காகச் செஞ்சீங்க, வாயைத் திறந்து ஒரு நன்றிகூட நான் சொன்னதில்ல. சொன்னா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்னு பயம். நீங்களும் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"தப்புத்தான் டீச்சர்."

"ஆதாரத்துக்கு வேற எதுவுமே கெடைக்கலையா? எங்க வீட்டுக்காரர் சீக்குதான் கெடைச்சுதா?"

வேறெதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை, அதை எப்படிச் சொல்வது.

அன்று மாலையே கம்பெனிக்குப் போன் செய்தார். மூன்று பேரிடம் மாறி மாறிப் போய், கடைசியில் ஒரு மேலாளர் பேசினார். வெண்ணெய் மாதிரி குரல், வார்த்தைக்கு ஒரு சார்.

"தாராளமா செய்யலாம் சார். உங்க ஸ்கூலுக்குன்னு தனியா அந்த விதியைப் போட்டுத் தர்றோம் சார். அடுத்த வாரமே. ஆனா சார், நீங்க வெளியில ஒரு அறிவிப்பு வச்சிருக்கீங்க பாருங்க, அதைப் பார்த்து ரெண்டு மூணு ஸ்கூல்ல எங்களைக் கேள்வி கேக்கறாங்க சார். நமக்குள்ள ஒரு புரிதல் இருந்தா எங்க டீமும் சந்தோஷமா வேலை செய்வாங்க."

"என்ன புரிதல்?"

"நாங்களே ஒரு வரைவு அனுப்பறோம் சார். நீங்க சிரமப்பட வேண்டாம்."

வரைவு நாலு வரிதான். 'இந்த மென்பொருளில் என்னுடைய படைப்பு எதுவும் இல்லை என்பதை அறிந்துகொண்டேன். என் முந்தைய அறிவிப்பு தவறான புரிதலால் வெளியிடப்பட்டது. அதற்கு வருந்துகிறேன். இதே வாசகத்தை அந்த இடத்திலும் வெளியிடுகிறேன்.' கீழே அவர் பேர் பெரிய எழுத்தில், பிழையில்லாமல் அச்சாகியிருந்தது.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"உங்க புரோகிராம் அங்கதான் இருக்கும். அதை எடுத்துட்டு வேற எழுத அவனுங்களுக்கு வக்கு கெடையாது" என்றாள்.

"அதான் எரியுது. என் வேலை இல்லைன்னா விட்டுடுவேன். என் வேலைன்னு தெரிஞ்சே, இல்லைன்னு எழுதித் தரணும். ஒரு பையன் தப்பா போட்ட கணக்குக்கு இந்தக் கையால நான் சரின்னு போட்டதே கெடையாது."

"போடாதீங்களேன்."

"புதன்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு."

மனைவி பேனாவை எடுத்துவந்து வைத்தாள். அவர் அந்தக் கம்பெனியை, மேலாளரை, பிரின்சிபாலை, மாப்பிள்ளையை, தன்னுடைய ஆறு பக்கத்தை எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். திட்டி முடித்துக் கையெழுத்துப் போட்டார். அறிவிப்பை எடுத்துவிட்டு, அந்த நாலு வரியை அங்கே ஏற்றினார்.

மேலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல முடியாது. புதன் காலை சாஃப்ட்வேர் மறுபடியும் புதுப்பித்துக்கொண்டது. ஆசிரியர் அறைத் திரையில் அறிவிப்பு ஓடியது. 'புதிய வசதி. இனி ஓர் ஆசிரியருக்குக் குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்கிவைக்கலாம். வாடிக்கையாளர் ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்க எங்கள் வல்லுநர் குழு உருவாக்கியது. மற்ற பள்ளிகளுக்கும் கூடுதல் கட்டணத்தில் கிடைக்கும்.' கட்டம் சார் டீ கிளாஸைப் பிடித்தபடி இரண்டு தடவை படித்தார். பத்தொன்பது வருஷம் டைம்டேபிள் போட்டு, மூன்று வருஷம் தூங்காமல் எழுதி, கடைசியில் வாடிக்கையாளர் ஒருவர்.

இடைவேளையில் போனைத் திறந்தால் ஒரு கடிதம். எங்கோ ஒரு சின்னப் பள்ளி, அவருடைய புரோகிராமை இரண்டு வருஷமாகப் பயன்படுத்துகிறவர்கள். வழக்கம் போல 'மதிப்பிற்குரிய' என்று இல்லை. 'உங்கள் வருத்தக் குறிப்பைப் பார்த்தோம். உங்கள் புரோகிராமும் அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரும் விதிக்கு விதி ஒன்றாக இருக்கின்றன. அப்படியானால் நீங்கள் அவர்களுடையதை எடுத்து உங்கள் பேரைப் போட்டுக்கொண்டீர்களா? தொடர்ந்து பயன்படுத்தினால் எங்களுக்குச் சிக்கல் வருமா?'

பதில் எழுத ஆரம்பித்தார். 'இல்லை' என்று எழுதினார். கையெழுத்துப் போட்ட நாலு வரி நினைவுக்கு வந்தது. அழித்தார்.

ஒன்றே காலுக்கு டிராயிங் டீச்சர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கட்டம் சாரின் மேஜை அருகில் வந்து நின்றார். அந்தத் திரை அறிவிப்பை அவரும் படித்திருந்தார். என்ன கொடுத்து இது திரும்பி வந்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"போயிட்டு வர்றேன் சார்" என்றார்.

"போயிட்டு வாங்க டீச்சர்."

நல்ல காரியம் செய்தால் மனசுக்கு நிம்மதி வரும் என்று பிள்ளைகளுக்கு அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஜன்னல் வழியாக டீச்சர் கேட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடப்பதைப் பார்த்துக்கொண்டு அந்த நிம்மதிக்காகக் காத்திருந்தார். வரவில்லை. டிராயிங் நகர்ந்த புதன் ஆறாவது பீரியட் இப்போது அவருக்கு. மணி அடித்ததும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போனார். வாசலில் விரலை வைத்தார். உள்ளே போய், வீட்டுக் கணக்கை ஒழுங்காகப் போட்டு வந்திருந்த பிள்ளைகள் மேல் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தார்.